‘தொடலாம்’ என்றிருந்த ஐந்து நாட்கள்: லண்டன் டேட், 1971

1971 ஏப்ரல் 28, புதன்கிழமை. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டேட் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி திறந்தது. இடம் டுவீன் கூடம். 1937-இல் சிற்பங்களுக்காகவே கட்டிய நீண்ட, உயரமான கல் மண்டபம் அது. அன்று அங்கே பீடமும் இல்லை, பீடத்தின் மேல் சிலையும் இல்லை. பிளைவுட் சரிவுகள், உருட்டிவிட உருளைகள், கயிறு கட்டிய கனத்த எடைகள், ஒடுங்கிக்கொண்டே போகும் சந்துகள், நடந்து பார்க்கக் கட்டிய கம்பி என்று மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்கள் ஏறலாம், இழுக்கலாம், தள்ளலாம், தவழலாம்.

ஜூன் 6 வரை நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஐந்தே நாளில் மூடிவிட்டார்கள்.

செய்தவர் அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மோரிஸ். கலை வரலாற்றில் இந்த நிகழ்வைப் பெரும்பாலும் வேடிக்கைக் கதையாகவே சொல்வார்கள்: ஜனங்களை உள்ளே விட்டார்கள், ஜனங்கள் ரகளை செய்தார்கள், கதவைச் சாத்தினார்கள். எனக்கு அந்தக் கதையில் உடன்பாடில்லை. பார்வையாளர் கை வைக்க வேண்டிய கலையைச் செய்கிறவர்கள், அதை ஒரு பொது இடத்தில் வைக்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய நிகழ்வு இது. அங்கே என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

அந்தப் பலகைகள் எங்கிருந்து வந்தன

மோரிஸ் 1931-இல் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். 1960-களில் மினிமலிசம் என்று பேர் வாங்கிய போக்கின் முக்கியமான ஆட்களில் ஒருவர். சாம்பல் நிறம் பூசிய, எந்த வேலைப்பாடும் இல்லாத பெரிய பெட்டி வடிவங்களைக் காட்சிக்கூடத்தில் வைத்தவர். இதை மட்டும் தெரிந்துகொண்டால் டேட் கண்காட்சி திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோலத் தெரியும். அதன் வேர் சிற்பக்கூடத்தில் இல்லை, நடனத்தில் இருக்கிறது.

அவருடைய அப்போதைய மனைவி சிமோன் ஃபோர்ட்டி ஒரு நடனக் கலைஞர். 1961-இல் நியூயார்க்கின் சேம்பர்ஸ் தெருவில் யோகோ ஓனோ வைத்திருந்த மாடிக்கூடத்தில் ஃபோர்ட்டி சில நிகழ்வுகளை நடத்தினார். அதில் ஒன்றில் சுவரில் 45 டிகிரி சாய்வில் ஒரு பெரிய பலகை, அதன் மேல்விளிம்பிலிருந்து தொங்கும் முடிச்சுக் கயிறுகள். நடனக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் மேலும் கீழும் குறுக்கும் போனார்கள். அவ்வளவுதான் நடனம். அதே ஆண்டு அதே மாடியில் மோரிஸ் ஒரு வளைந்த பிளைவுட் நடைபாதை கட்டினார். சுமார் 50 அடி நீளம். உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கி வந்து, கடைசியில் உடம்பு மேற்கொண்டு போக முடியாமல் நின்றுவிடும். 1964-இல் அவர் மேடையேறிய ஒரு நிகழ்த்துகலையில், முகமூடி போட்டுக்கொண்டு எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைகளைத் தூக்கிச் சுமந்து இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆக, டேட்டில் வைத்த சரிவும் கயிறும் ஒடுங்கும் சந்தும் பத்து வருடங்களாக அவருடன் இருந்தவை. ஆனால் அதுவரை அவற்றின் மேல் ஏறியவர்கள் பெரும்பாலும் பழகிய உடம்புகள். தன் எடை எங்கே விழும், கால் எப்போது வழுக்கும் என்று தெரிந்தவர்கள். இது முக்கியம். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

மோரிஸுக்கு அருங்காட்சியகங்களோடு கொஞ்சம் மனஸ்தாபமும் இருந்தது. 1970 மே மாதம் வியட்நாம் போர் கம்போடியாவுக்குப் பரவி, அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாணவர்கள் சுடப்பட்டபோது, நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்துகொண்டிருந்த தன்னுடைய தனிக் கண்காட்சியை எதிர்ப்பாக முன்கூட்டியே மூடச் சொன்னார். அந்த மாதம் நடந்த கலைஞர் வேலைநிறுத்தத்தின் முன்னணியில் இருந்தார். அதற்கு அடுத்த வருடம்தான் டேட் அழைப்பு. அவர்கள் முதலில் எதிர்பார்த்தது பழைய படைப்புகளின் தொகுப்புக் காட்சி. மோரிஸ் கொடுத்தது முற்றிலும் வேறு.

1971 தொடக்கத்தில் டேட்டின் காட்சி அமைப்பாளர் மைக்கேல் காம்ப்டனுக்கு அவர் எழுதிய கடிதம் பிரபலமானது. பொருட்களோடு நெருங்கி உரச வேண்டிய காலம் வந்துவிட்டது, நம் தோலின் எல்லையில்தான் உலகம் தொடங்குகிறது, உடம்புக்கும் வெளிப்பொருளுக்கும் நடுவே நடப்பதுதான் தனக்கு முக்கியம் என்று எழுதினார். இது குழந்தைகளின் விளையாட்டுத் திடலுக்குத் திரும்பும் ஆசை அல்ல என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார். தன்னுடைய அனுபவத்தைப் பார்வையாளருக்குக் காட்டுவதைவிட, பார்வையாளர் தன்னைத்தானே உணர்ந்துகொள்ள ஒரு சூழல் அமைத்துத் தருவதே அவருடைய நோக்கம்.

என்ன வைத்திருந்தார்கள்

அமைப்பில் ஒரு வரிசை இருந்தது. முதலில், கையால் அசைக்கும் பொருட்கள்: கயிறு கட்டி இழுக்கும் எடைகள், கல், உருட்டும் உருண்டை. அடுத்து, உடம்பின் எடைக்கு ஏற்ப அசைந்துகொடுக்கும் பொருட்கள்: ஏறி இறங்கும் சீசா பலகை, ஆடும் மேடை, பெரிய உருளை. கடைசியில், உடம்பைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும் அமைப்புகள்: சரிவுகள், சுரங்கம்போன்ற வழிகள், ஏற வேண்டிய ஒடுக்கமான இடைவெளிகள். முதலில் நீங்கள் பொருளை ஆட்டுகிறீர்கள், நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் ஆட்டுகிறீர்கள், முடிவில் பொருள் உங்களை ஆட்டுகிறது. கருத்தாகப் பார்த்தால் இது எவ்வளவு அழகான படிக்கட்டு! இன்றுவரை பங்கேற்புக் கலையில் இவ்வளவு தெளிவாக யோசித்த வரிசையை நான் அதிகம் பார்த்ததில்லை.

எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஒவ்வொன்றின் அருகிலும் புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். படத்தில் ஒருவர் நிதானமாகச் சரிவில் நடப்பார், இன்னொருவர் உருளையின் மேல் கவனமாக நிற்பார். படத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான்.

பொருட்கள் பிளைவுட், மரம், கல், இரும்புத் தகடு, கயிறு. எதற்கும் மெருகு கிடையாது. அது கஞ்சத்தனத்தால் வந்ததல்ல, அவருடைய அழகியலே அதுதான். பொருள் தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தத் தலைமுறைச் சிற்பிகளின் பிடிவாதம். வார்னிஷ் அடித்தால் அது நாற்காலி ஆகிவிடும், சாயம் அடித்தால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

என்ன நடந்தது

தொடக்க விழாவிலேயே கூடம் அமளிதுமளி ஆனது. கட்டடக்கலை விமர்சகர் ரேனர் பான்ஹம் அதைப் பற்றி எழுதியதைப் படித்தால் கண்ணெதிரே விரிகிறது. முன்பின் தெரியாதவர்கள் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள், தள்ளாடினார்கள், கூச்சலிட்டார்கள். வந்தவர்கள் தெருவில் போகிறவர்கள் இல்லை, லண்டன் கலை உலகத்தின் பெரிய மனிதர்கள். கண்காட்சி பொதுமக்களுக்குத் திறந்ததும் அந்த உற்சாகம் பல மடங்கானது. கயிறு கட்டிய எடைகளைச் சிலர் சுழற்றினார்கள். ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் கும்பலாக ஏறினார்கள். மெருகேற்றாத பிளைவுட் விளிம்புகள் பிய்ந்து சிராய் கிளம்பியது. கைகளில், கால்களில், சரிவில் உட்கார்ந்து சறுக்கியவர்களின் தொடைகளில் அது ஏறியது. சுளுக்குகளும் சிராய்ப்புகளும் சேர்ந்துகொண்டன. ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற ரீதியில் காவலர் ஒருவர் சொன்னதை அன்றைய பத்திரிகை எழுதியது.

டேட்டின் இயக்குநர் நார்மன் ரீட் மூட உத்தரவிட்டார். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மோரிஸின் பழைய படைப்புகளை வைத்து வழக்கமான தொகுப்புக் காட்சி ஒன்றைத் திறந்தார்கள். சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

தோலின் எல்லையில்தான் உலகம் தொடங்குகிறது என்று எழுதியவரின் கண்காட்சி, அந்தத் தோலில் ஏறிய சிராயால் மூடப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருத்தைப் பற்றி அத்தனை யோசித்தவர்கள், கருத்து நடக்கப்போகும் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றி யோசிக்கவில்லை.

ஏன்

பார்வையாளரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். அருங்காட்சியகத்துக்குள் நுழைகிற எவருக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்த ஒரே விதி ‘தொடாதே’. அதற்குமேல் ஒரு நடத்தை விதியும் யாரும் கற்றுத் தரவில்லை, தேவையும் இருந்ததில்லை. அந்த ஒரு விதியையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நம் ஊர்த் திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆபத்தான விளையாட்டுதான். ஆனால் யார் கீழே தோள் கொடுப்பது, யார் மேலே போவது, தண்ணீர் எப்போது பீய்ச்சுவது என்று சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பழக்கமே அங்கே பாதுகாப்பு. டேட்டில் அப்படி ஒரு பழக்கம் உருவாக ஐந்து நாள் போதாது.

புகைப்படங்கள் அந்த இடத்தை நிரப்பும் என்று நினைத்தார்கள். படம் ஒரு ஆளைக் காட்டியது, கூடத்தில் இருந்தது கும்பல். ஒரு ஆள் நிற்கும்போது உருளை சொல்லித்தரும் பாடம் ஒன்று, நாலு பேர் ஏறினால் அது சொல்லும் பாடம் வேறு. அமைப்பு கடைசிவரை ஒற்றை உடம்புக்காகவே யோசித்தது. பக்கத்தில் வாயைத் திறந்து ‘ஒவ்வொருத்தராக வாங்க’ என்று சொல்ல ஆள் இருந்திருந்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இருந்த காவலர்களோ ஓவியங்களுக்கு முன்னால் மௌனமாக நிற்கப் பழகியவர்கள். அவர்களுக்கும் புது வேலை இது.

அப்புறம், நான் முன்பே சொன்ன நடனக்காரர்கள். சேம்பர்ஸ் தெருவில் அந்தச் சாய்ந்த பலகையில் ஏறியவர்கள் ஒத்திகை பார்த்தவர்கள், அதற்கேற்ற காலணி போட்டவர்கள். டேட்டுக்கு வந்தவர்கள் அலுவலகம் முடிந்து வந்த உடையோடு, குதிகால் செருப்போடு, 1971-இன் குட்டைப் பாவாடையோடு வந்தார்கள். மோரிஸ் தன் தொழில்வட்டத்தில் பத்து வருடம் பார்த்த உடம்பை மனதில் வைத்து அளவெடுத்துவிட்டார். கலைஞர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. தன்னையும் தன் நண்பர்களையும் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு ‘எல்லோருக்கும்’ என்று எழுதி ஒட்டிவிடுவது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்பரப்பு. உப்புத்தாள் போட்டு நாலு தேய்ப்புத் தேய்த்திருந்தால் அந்தப் பிளைவுட்டின் முரட்டுத்தனம் எங்கும் போயிருக்காது. பொருள் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கொள்கை, பார்ப்பதற்கு வைத்த சிற்பத்தில் சரியான கொள்கை. உட்கார்ந்து சறுக்குவதற்கு வைத்த பலகைக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது பிழை. எந்த ஆசாரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இது முடியாத காரியமல்ல என்பதற்கு மூன்று வருடம் முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1968 அக்டோபரில் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத்தில் டென்மார்க் கலைஞர் பாலே நீல்சன் பெரிய கூடம் ஒன்றைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். பெரியவர்களுக்குக் கட்டணம், குழந்தைகளுக்கு இலவசம். சாயம், கருவிகள், மாறுவேட உடைகள், அவர்களே போட்டுக்கொள்ள இசைத்தட்டுகள், உயரத்திலிருந்து குதிக்க ஃபோம் ரப்பர் நிறைந்த பெரிய பள்ளம். மூன்று வாரத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், அதில் பெரும்பகுதி குழந்தைகள். குறித்த நாள்வரை நடந்தது. நீல்சனின் எண்ணமும் சாதாரணமானதல்ல. எப்படிப்பட்ட சமுதாயம் வேண்டும் என்பதைக் குழந்தைகள் விளையாடிக் காட்டட்டும் என்ற அரசியல் அதில் இருந்தது. அவர் குதிக்கும் இடத்தில் ஃபோம் வைத்தார், மோரிஸ் பிளைவுட் வைத்தார். விளையாட்டுத் திடல் என்ற சொல்லுக்கு நீல்சன் வெட்கப்படவில்லை. மோரிஸ் அதிலிருந்து விலகி நிற்க விரும்பினார். அதனாலேயே விளையாட்டுத் திடல் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த எளிய விஷயங்கள் அவருக்கு எட்டாமல் போயின என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 1974-இல்தான் வந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மட்டுமின்றி அதன் வேலையால் பாதிக்கப்படக்கூடிய பொதுமக்களுக்கும் பொறுப்பு என்று அது சொன்னது. 1971-இல் ஆபத்தை முன்கூட்டி எழுதிப் பார்க்கும் பழக்கம் கலைக்கூடங்களில் வேரூன்றவில்லை. விழுந்த பிறகுதான் பார்த்தார்கள்.

38 வருடம் கழித்து

2009 மே மாதம், அதே கண்காட்சியை டேட் மறுபடி கட்டியது. இம்முறை நதியின் எதிர்க்கரையில், பழைய மின்நிலையமான டேட் மாடர்னின் டர்பைன் கூடத்தில். மோரிஸும் இதில் ஈடுபட்டார். வரைபடங்களையும் பழைய புகைப்படங்களையும் வைத்து வடிவங்களை மீட்டார்கள். பிளைவுட் தரமானது, விளிம்புகள் மழுங்கியவை, பக்கத்தில் ஊழியர்கள்.

இந்தக் கூடத்துக்கு அதற்குள் அனுபவம் வந்திருந்தது. 2003-இல் கலைஞர் ஒலாஃபர் எலியசன் அங்கே செயற்கைச் சூரியனை ஏற்றி, மேற்கூரையில் கண்ணாடி பதித்தபோது, யாரும் சொல்லாமலே ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து மேலே தெரியும் தங்கள் உருவத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். 2006-இல் இன்னொரு கலைஞர் கார்ஸ்டன் ஹோலர் ஐந்து சறுக்கு குழாய்களை இறக்கினார். நீளமானது 55 மீட்டருக்கு மேல். உயரமானவற்றுக்கு நேரம் குறித்த சீட்டு. ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்பதைக் குழாயின் வாயே பார்த்துக்கொண்டது. 1971-இல் புகைப்படம் செய்ய முடியாததைச் சீட்டும் குழாயும் சத்தமில்லாமல் செய்தன.

2009 மறுகட்டமைப்பு ஒரு நீண்ட வார இறுதிக்காக, நாலு நாளுக்குத் திட்டமிட்டது. ஜூன் 14 வரை நீட்டித்தார்கள். முதல் முறை ஐந்தரை வாரம் நினைத்தது ஐந்து நாளில் முடிந்தது, இரண்டாம் முறை நாலு நாள் நினைத்தது மூன்று வாரத்தைத் தாண்டியது.

ஆனால் இதுவும் 1971-இன் அதே கண்காட்சிதானா என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்வி. 1971-இல் வந்தவர்களுக்கு அது வாழ்நாளில் முதல் முறை. 2009-இல் வந்தவர்கள் அறிவியல் மையங்களில் பொத்தான் அழுத்தி, மால்களில் சுவர் ஏறி வளர்ந்தவர்கள். கல் மண்டபத்துக்குள் பலகைமேல் கால் வைக்கும்போது ஏற்படும் அந்தத் திடுக்கிடலை எந்தத் தச்சராலும் மறுபடி செய்து தர முடியாது. எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை. திடுக்கிடல் போனாலும் பரவாயில்லை. ஒரு சிறுமி தன் எடையால் உருளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மோரிஸ் கேட்டது, அது 2009-இல் நடந்தது.

மேற்பரப்பு பற்றிய பாடம் அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. அடுத்த வருடமே, 2010 அக்டோபர் 12 அன்று, அதே டர்பைன் கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். சீனாவின் ஜிங்டெசென் நகரத்தில் சுமார் 1,600 பேர் கையால் செய்து, கையால் வண்ணம் தீட்டியவை. பார்வையாளர்கள் அதன்மேல் நடக்கலாம், அள்ளலாம், உட்காரலாம். காலடியில் சரசரக்கும் அந்தச் சத்தம்தான் பாதி அனுபவம். இம்முறை சிராய் இல்லை, குதிப்பவர்கள் இல்லை, கூட்டம் அமைதியாகத்தான் நடந்தது. ஆனால் விதைகள் ஒன்றோடொன்று உரசிப் பீங்கான் தூசு கிளம்பியது. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல், குறிப்பாக நாள் முழுக்க அங்கே நிற்கும் ஊழியர்களுக்கு. ஓரிரு நாளிலேயே உள்ளே நடப்பதை நிறுத்திவிட்டார்கள். மீதி மாதங்கள் முழுக்க ஜனங்கள் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள்.

1971-இல் கை பலகையை உரசியது, 2010-இல் விதை விதையை உரசியது. இரண்டுமே ஒரு முன்னோட்டத்தில் தெரிந்திருக்கக்கூடியவை. நூறு பேரை, அவர்கள் எப்படி வருவார்களோ அப்படியே, இரண்டு நாள் உள்ளே விட்டுப் பார்த்தால் போதும்.

இந்த மாதிரி விஷயத்தை நன்றாகக் கையாண்ட ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும். பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1960 முதல் அலுமினியத் தகடுகளைக் கீல் வைத்து இணைத்துச் செய்த ‘பிச்சோஸ்’, அதாவது ஜந்துக்கள், கையில் எடுத்து மடக்கி விரிக்கவே பிறந்தவை. இப்போது மூலப் படைப்புகள் தொட முடியாத அளவுக்கு விலைமதிப்பானவை, கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2014-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய பெரிய கண்காட்சியை நடத்தியபோது, மூலங்களைப் பீடத்தில் வைத்துவிட்டு, அதே அளவில் செய்த நகல்களை மேசையில் வைத்தது. பக்கத்தில் சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். ஜந்துவின் எந்தக் கீல் எந்தப் பக்கம் மடங்கும், எங்கே அது மறுக்கும் என்று வந்தவர்கள் மேசையருகே நின்று தாங்களே கண்டுபிடித்தார்கள்.

டேட்டோ, ஐ வெய்வெய்யின் அந்த விதைகளில் 80 லட்சத்தை, சுமார் 10 டன், 2012-இல் தன் சேகரிப்புக்காக வாங்கியது. பார்வையாளர் சுற்றி வந்து பார்க்கலாம்.